எந்தச் செடி என்று முதலில் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வெப்பமண்டலத் தாவரங்களும் அவற்றின் மருந்துக் குணங்களும்தான் பேச்சு. ஒரேமாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பதில்களில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கையில் இருப்பது எந்தச் செடி, அதில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஐயா, எங்கள் வாசலில் நித்தியகல்யாணி பூத்துக் குலுங்குகிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து பூவை மென்று தின்றால் சர்க்கரை இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் கணவர் ஆரம்பித்தும்விட்டார். தொடரலாமா?
– வாசகி, விருதுநகர்

நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா, இன்றைக்கே. ஏன் என்று சொல்கிறேன், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

இந்தச் செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து உலகம் பூராவும் பரவிவிட்டது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும், ஆடு மாடு கடிக்காது, அதனால் சுடுகாட்டு ஓரத்தில்கூடத் தானாக வளர்ந்து நிற்கும். சர்க்கரைக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு, ஜமைக்காவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவில் இருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்று வந்து செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது.

வெள்ளணுக்களை இப்படி அழிக்கிறதென்றால், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்று யோசித்தார்களே, அங்கேதான் விஷயம் திரும்பியது. சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் அவரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் இன்னொரு குழு அதே செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் 1963இல் மருந்தாக அனுமதி பெற்றது. இரண்டும் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. 1950களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைப்பது அரிது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்றால், அந்தக் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டினுக்கு முக்கியமான இடம் உண்டு.

ஆனால் இலையில் இந்தச் சத்து இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் ஐந்து பூவைத் தின்று மஜ்ஜை வற்றிவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் இதே செடியில் ரத்த அழுத்தத்தை இறக்கும் அஜ்மாலிசின் உட்பட ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான தாவர ரசாயனங்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போட்டு வேரை விற்பது அதற்காகத்தான். உங்கள் கணவர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால், எது எதோடு சேர்ந்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூ வாசலிலேயே இருக்கட்டும், அழகாகத்தானே இருக்கிறது.

வெப்பமண்டலத்தில்தான் மருந்துச் செடிகள் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் செடியே இல்லையா? ஏன் இங்கே மட்டும்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

மற்ற இடங்களிலும் உண்டு தம்பி, ஆஸ்பிரினுக்கு வழிகாட்டிய வில்லோ மரம் குளிர்நாட்டு மரம்தான். ஆனால் எண்ணிக்கையில் நம் பக்கம் எங்கேயோ போய்விடும். பிரிட்டன் தீவு முழுவதற்கும் பூர்வீக மர இனங்கள் சில பத்துகள்தான். போர்னியோ தீவில் சரவாக்கின் லம்பிர் மலைக் காட்டில் 52 ஹெக்டேரை அளந்து ஒவ்வொரு மரமாக எண்ணியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் வந்தன. எல்லா வெப்பமண்டலக் காடும் அப்படி இல்லை, மழையைப் பொறுத்தது. நம் முதுமலையில் 50 ஹெக்டேர் ஆய்வு நிலத்தில் 70 இனங்களுக்குச் சற்று முன்னே பின்னே, ஏனென்றால் அது வறண்ட காடு.

காரணம் என்ன என்றால், குளிர்நாட்டில் பனிக்காலம் வந்து பூச்சியையும் பூஞ்சையையும் வருடா வருடம் ஒடுக்கிவிடுகிறது. இங்கே அந்த ஓய்வே கிடையாது. இலை துளிர்த்த நாளிலிருந்து யாராவது ஒருவர் கடிக்க வருகிறார். செடி எழுந்து ஓட முடியாது, அதனால் கசப்பு, விஷம், பிசின், பால் என்று ரசாயனமாகவே சண்டை போடுகிறது. அந்தந்தச் செடிக்கென்று பழகிப்போன பூச்சிகளும் நோய்க்கிருமிகளும் தாய் மரத்தைச் சுற்றியே நிறைந்திருப்பதால், அதன் கன்றுகள் தாயடியில் பிழைப்பது கஷ்டம். அந்த இடத்தில் வேறு இனம் முளைத்துக்கொள்கிறது. இதை டேனியல் ஜான்சன், ஜோசப் கானல் என்ற இரு சூழலியலாளர்கள் 1970இலும் 1971இலும் தனித்தனியாகச் சொன்னார்கள். இப்படி இனங்கள் கூடக்கூட ரசாயனங்களும் கூடுகின்றன. பூச்சியை விரட்டச் செய்த அந்த ரசாயனம் நம் நரம்பிலும் இதயத்திலும் குடலிலும் வேலை செய்கிறது, அதைத்தான் நாம் மருந்து என்கிறோம், அளவு மீறினால் விஷம் என்கிறோம்.

இதில் எனக்கு நெஞ்சு பதறும் கதை ஒன்று உண்டு. 1987இல் சரவாக்கில் நம் புன்னையின் உறவுக்கார மரம் ஒன்றிலிருந்து கிளையும் இலையும் சேகரித்து அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பரிசோதனைக்கூடத்தில் அது எச்.ஐ.வி. கிருமியைத் தடுத்தது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சில வருடம் கழித்துப் போனால் அந்த மரம் இல்லை, வெட்டிவிட்டார்கள். அருகில் இருந்த அதே ஜாதி மரங்களைச் சோதித்தால் அந்தச் சத்து சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எப்போதோ நட்டுவைத்த மரங்கள் கைகொடுத்தன. கலனோலைடு என்ற அந்தச் சத்து மனிதர்களிடம் சோதனை வரை போயும் விற்பனைக்கு வரவில்லை, அது வேறு விஷயம். யாரும் பார்க்காமலே வெட்டுப்பட்ட மரங்கள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டு முன்னால் இரண்டு அசோக மரம் உண்டு. மாதவிலக்குப் பிரச்சினைக்கு அசோகப் பட்டைக் கஷாயம் நல்லது என்கிறார்களே, பட்டையை உரிக்கலாமா?
– வாசகி, திருச்சி

மரம் ஊசிமாதிரி உயரமாக, நெளிநெளியான ஓரத்துடன் நீண்ட ஒற்றை இலையாக, பூ பச்சை நிறத்தில் கண்ணுக்கே தெரியாதபடி இருக்கிறதா? அப்படியானால் அது நெட்டிலிங்கம். பங்களா வாசலிலும் பள்ளிக்கூடத்து மதிலோரத்திலும் வரிசையாக நிற்பது எல்லாம் அதுதான். உண்மையான அசோகம் படர்ந்த மரம். கூட்டிலை. புதுத் துளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகக் கிளையை ஒட்டியே பூக்கும், நல்ல வாசனை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டைக்காக உரித்து உரித்தே அந்த மரம் அருகிவிட்டது, அதனால் கடைச்சரக்கில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதும் நடக்கிறது. உங்கள் மரத்தை விட்டுவிடுங்கள். ரத்தப்போக்கு அதிகம் என்றால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், கட்டி ஏதும் இருந்தால் எந்தப் பட்டையும் கேட்காது.

நாங்கள் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். வியாபாரி வந்து விதையை எடைபோட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வெளிநாட்டுக்கு மருந்துக்குப் போகிறது என்கிறார், எந்த மருந்துக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் விளக்குங்கள்.
– விவசாயி, தாராபுரம் பக்கம்

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நம் மாநில மலர் செங்காந்தள்தான் உங்கள் கண்வலிக்கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப்பூ என்பார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமும் வேதாரண்யத்திலும் இந்தப் பயிர் உண்டு. நீங்கள் விற்கும் விதையில் கோல்ச்சிசின் என்ற சத்து இருக்கிறது, கிழங்கில் இருப்பதைவிட அதிகமாக. யூரிக் அமிலம் கூடி, நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகும் கவுட் என்ற வாத நோய்க்கு இது பழைய, நல்ல மருந்து. மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்களைப் பார்த்து வெள்ளணுக்கள் திரண்டு ஓடிவருவதால்தான் அந்த வீக்கமும் எரிச்சலும் வருகின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் உண்டு, அவைதான் செல்லுக்கு எலும்புக்கூடும் பாதையும். கோல்ச்சிசின் அந்தக் குழல்கள் கட்டப்படாமல் தடுத்துவிடுகிறது, வெள்ளணுக்களால் பழையபடி நகர முடிவதில்லை, வீக்கம் அடங்குகிறது. மேலே சொன்ன நித்தியகல்யாணி மருந்து புற்றுச் செல் பிரியாமல் தடுப்பதும் இதே நுண்குழலைப் பிடித்துத்தான். இதய ரத்தக்குழாய் நோய்க்கும் குறைந்த அளவில் இதைக் கொடுக்க 2023இல் அமெரிக்காவில் அனுமதி தந்திருக்கிறார்கள்.

காலை வெயில் ஏறுமுன் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பது உங்களுக்குத் தெரியாததா! ஆனால் ஏன் என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்கிறேன். பூவை அருகில் பிடித்துப் பார்த்தால், ஆறு இதழும் பின்னால் மடங்கி மேலே நிற்கும், மகரந்தத் தண்டுகள் ஆறும் கம்பிமாதிரி வெளியே நீண்டிருக்கும், சூல்தண்டோ அடியிலேயே முறிந்ததுபோல் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிவிடும். தன் மகரந்தம் தன்மேல் படாதபடி செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. காட்டில் பூச்சி பார்த்துக்கொள்ளும். தோட்டத்தில் காய் நிறையப் பிடிக்க வேண்டும் என்றால் மனிதக் கை வேண்டியிருக்கிறது. கூலியில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

அப்புறம் ஒன்று, இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். கிழங்கும் விதையும் கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு, அவித்தாலும் விஷம் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும், ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைக்கத் தோன்றும், நடுவில் கொஞ்சம் தேறியதுபோலும் இருக்கும், பிறகு ஒவ்வொரு உறுப்பாகக் கெட ஆரம்பிக்கும். மாற்று மருந்து என்று ஆஸ்பத்திரிகளில் எதுவும் கைவசம் இல்லை. அதனால் விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள், தனி அறையில் போட்டுப் பூட்டுங்கள், காய் உடைக்கும்போது கையுறை போடுங்கள். யாராவது தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இன்ன கிழங்கு என்று பெயரைச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மிஞ்சிய மருந்து இல்லை என்பது என் பாட்டி வாக்கு. டாக்டர்கள் ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?
– வாசகர், மதுரை

மறுத்தார்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, சோதித்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் சென்னையில். ஆராய்ச்சியாளர் எஸ்.பி.தியாகராஜனும், காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்த குழு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. ஏன் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு, எந்த மண்ணில் எப்போது பறித்தது, அதே இனம்தானா என்ற கேள்விகளும் அதில் அடக்கம்.

இனம் என்றதும் சொல்ல வேண்டியது: கீழாநெல்லி என்று சந்தையில் கட்டுக்கட்டாக விற்பதில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருக்கும். இலைக்காம்பின் அடியில் காய் வழுவழுப்பாக, சிறு காம்பில் வரிசையாகத் தொங்கினால் அது சரியான கீழாநெல்லி. தண்டு சிவப்பேறி, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

பாட்டி காலத்துக் காமாலையில் பெரும்பகுதி தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ ஆக இருந்திருக்கும், அது பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே தேறிவிடும். ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்தும் காமாலை வரும், கட்டி அடைத்தும் வரும். அதற்கு கீழாநெல்லி குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்து, கைமீறிப்போன பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் சித்த மருத்துவரிடம் போவதானாலும் போங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று கேட்க மறக்காதீர்கள்.

சளி சிரப்புக்கும் ஆடாதோடைக்கும் சம்பந்தம் உண்டாமே?
– வாசகர், கும்பகோணம்

உண்டு. ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை மாதிரியாக வைத்துச் செய்ததுதான் புரோம்ஹெக்சின், அது உடலில் மாறி வரும் பொருள் ஆம்ப்ராக்சால். சளியை இளக்குகிற சிரப் பாட்டில்களில் இந்த இரண்டு பெயரில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஆடாதோடை கருப்பையைச் சுருக்கும் குணமும் கொண்டது, கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

ஆடுதீண்டாப்பாளையைப் பற்றி எழுதுங்கள். விஷக்கடிக்கு எங்கள் ஊரில் கொடுப்பார்கள்.
– வாசகர், புதுக்கோட்டை

இதில் நான் கறாராகவே சொல்வேன். இதிலும் இதன் உறவான ஈஸ்வரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும், இது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. தேடிப்பார்த்தால், சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்த அரிஸ்டோலோகியா இனம் ஒன்று கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. பாம்பு கடித்தால் நேரே அரசு ஆஸ்பத்திரி, விஷமுறிவு ஊசி. செடியைப் பிடுங்க வேண்டாம், சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இந்தக் குடும்பத்துச் செடிகள்தான் சாப்பாடு.

பழங்குடிகள் சொன்ன மூலிகையை வைத்துக் கம்பெனிகள் சம்பாதிக்கின்றன, சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

உங்கள் மலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் கேரளப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் குழு ஏறியது. குழுவினர் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் மட்டும் சிறு பழங்களை மென்றபடி சோர்வில்லாமல் நடந்தார்கள். வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால் முதலில் தயங்கி, பிறகுதான் காட்டினார்கள், அது ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைத் தயாரித்து, 1995இல் கோயம்புத்தூரின் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகத்தில் இப்படிப் பங்கு கொடுத்த முதல் சில ஏற்பாடுகளில் இது ஒன்று, அந்த மரியாதை அதற்கு உண்டு.

ஆனால் முழுத் திருப்தி எனக்கு இல்லை. காணிகளில் எல்லாரையும் கேட்டு முடிவெடுக்கவில்லை, அவர்களுடைய வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் எதிர்த்தார்கள். செடி இயற்கைக் காட்டு நிழலில் வளர்ந்தால்தான் குணம் வருகிறது, காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தயங்கியது, ஆக மூலப்பொருளும் போதவில்லை, காணிகளுக்கு எதிர்பார்த்த வருமானமும் வரவில்லை. இந்தியா 2002இல் பல்லுயிர்ச் சட்டம் கொண்டுவந்தது, அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. சட்டம் வந்தது நல்லது, ஆனால் காட்டைத் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் முன் அவர் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டதா என்று பார்ப்பது உங்களையும் என்னையும் போன்றவர்களின் வேலை. பாபநாசம் பக்கம் காணிக் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு இந்த அறிவு இன்னும் வாய்வழியாகத்தான் போகிறது, பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயரிலேயே அது பதிவாக வேண்டும்.

ஊட்டியில் கொய்னா மரம் இருந்ததாமே, இப்போதும் பார்க்கலாமா?
– வாசகர், ஈரோடு

சின்கோனா. பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கத்து ஆண்டிஸ் மலை மரம். பட்டையிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவை 1820இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்து என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பிரித்தார்கள், அதே இருவர்தான் அதே வருடம் கோல்ச்சிசினையும் முதலில் கண்டவர்கள். கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860இல் கன்றுகளை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டு, பின்னால் நடுவட்டத்தில் கொய்னா ஆலையும் நடந்தது. ஆனால் சத்து அதிகமுள்ள விதை டச்சுக்காரர்கள் கைக்குப் போய் ஜாவா முந்திக்கொண்டது. அந்த விதையைத் தேடி எடுத்துக்கொடுத்த மனுவேல் இங்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடியைச் சிறையில் அடைத்து அடித்தார்கள், வெளியே விட்ட கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார், அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்த மரத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். நடுவட்டம் பக்கம் போனால் மிச்ச மரங்களைப் பற்றி விசாரியுங்கள்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பால்கனியில் பயமில்லாமல் என்ன மூலிகை வளர்க்கலாம்?
– வாசகி, சென்னை

துளசி, கற்பூரவல்லி, தூதுவளை மூன்றும் போதும். துளசிக்கு நாலைந்து மணி நேரமாவது வெயில் வேண்டும், பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் நிறையத் தழைக்கும். கற்பூரவல்லிக்கு விதையே வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு சாண் தண்டு கேட்டு வாங்கிக் கீழிலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகுங்கள், வேர் பிடித்துவிடும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும், அதிகம் ஊற்றினால் தண்டு அழுகும். தூதுவளைக்குப் பெரிய தொட்டியும் ஏறிக்கொள்ள ஒரு கம்பும் வேண்டும். இலையின் முதுகில்கூட முள் இருக்கும், துவையலுக்குப் பறிக்கும்போது கத்தரிக்கோலால் நறுக்கி முள்ளை நீக்கிவிட்டு வதக்குங்கள், சின்னக் குழந்தை இருந்தால் தொட்டியைக் கை எட்டாத மூலையில் வையுங்கள்.